டேப்பட் சத்தம் என்று வந்த மாருதி 800: காற்றுச் சத்தமும் இரும்புச் சத்தமும்

வண்டி மாருதி 800, 2005 மாடல், எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோல் பாய்ச்சும் வகை). மூன்று சிலிண்டர், 796 சிசி, சிலிண்டருக்கு ரெண்டு வால்வு, ஹெட்டில் (எஞ்சினின் மேல்பகுதி) வால்வுகளைத் திறக்கும் ஒரே கேம் ஷாஃப்ட். வால்வு இடைவெளியைத் தானே சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் லிஃப்டர் கிடையாது. கேம் தள்ள, வால்வை அமுக்கும் ராக்கரின் நுனியில் ஸ்க்ரூவும் லாக் நட்டும்தான். அதைத் திருகி இடைவெளியைச் சரிசெய்வதைத்தான் டேப்பட் வைப்பது என்கிறோம். குளச்சலில் கடலுக்குப் பக்கத்தில், ராத்திரி முழுக்க உப்புக்காற்றில் வெட்டவெளியில் நிற்கிற வண்டி. உரிமையாளர் சொன்ன குறை ஒரே வரி: "டேப்பட் ரெண்டு தடவை வெச்சாச்சு அண்ணே, சத்தம் போகல்ல."

கேட்டுக் கேட்டு வாங்கிய விவரம் இது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் டிக்-டிக் என்று நன்றாகக் கேட்கும். ஐந்தாறு நிமிடத்தில் பாதியாகக் குறையும், ஆனால் அறவே போகாது. குலசேகரம் தாண்டி பேச்சிப்பாறை ஏற்றத்தில் மறுபடி தலைதூக்கும். ஆடிக் காற்றில் வள்ளியூரிலிருந்து நாகர்கோவிலுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக எதிர்க்காற்றில் வரும்போதும் அப்படியே. சிக்னலில் நிற்கும்போது வண்டி லேசாக நடுங்குகிறது. பெட்ரோலும் முன்னைவிடக் கூடுதலாகக் குடிக்கிறது.

சூடானால் குறைகிற சத்தம், லோடு ஏறினால் கூடுகிற சத்தம், இரண்டுக்கும் நடுவில் எப்போதும் இருக்கிற ஒரு சத்தம். இதை ஒரே சத்தம் என்று எடுத்துக்கொண்டு டேப்பட்டில் கை வைத்ததுதான் முன்பு நடந்த தவறு. சத்தம் அடங்கும்வரை ஸ்க்ரூவை இறுக்கிக்கொண்டே போயிருக்கிறார்கள். அதன் விலை என்ன என்பது கீழே வரும்.

முதலில் ஆயில். சமதரையில் நிறுத்தி, எஞ்சின் அணைத்துப் பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக் பார்த்தோம். அளவு இரு கோடுகளுக்கும் நடுவில், 20டபிள்யூ-40, நிறம் கறுப்பு என்றாலும் பெட்ரோல் வாடை இல்லை. ஆயில் குறைந்தால் முதலில் கத்துவது ராக்கர் ஷாஃப்ட்தான், ஏனென்றால் பம்பிலிருந்து ரொம்பத் தள்ளி, ஹெட்டின் உச்சியில் இருக்கிறது. இங்கே அது காரணம் இல்லை. ஆயில் லைட் ஸ்டார்ட் ஆன உடனே அணைகிறது. அடுத்தது ஹீட் ஷீல்டு, புகை வெளியேறும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை மூடியிருக்கும் சூடு தடுப்புத் தகடு. கடலோர வண்டிகளில் இதன் போல்ட் துருப்பிடித்து ஓட்டை பெரிதாகிவிடும். தகடு மேனிஃபோல்டைத் தட்டிக்கொண்டே இருக்கும், அசல் டேப்பட் போலவே. ஒரு மரக்கட்டையால் அழுத்திப் பிடித்தால் தெரிந்துவிடும். இந்த வண்டியில் அழுத்தியும் மாற்றம் இல்லை.

பிறகு பெல்ட். ஆல்டர்னேட்டர் பெல்ட்டைக் கழற்றி அரை நிமிடம் மட்டும் ஓட்டினோம். வாட்டர் பம்பும் அதே பெல்ட்டில் ஓடுவதால் அதற்கு மேல் ஓட்டக் கூடாது. சத்தம் அப்படியே இருந்தது. ஆகவே ஆல்டர்னேட்டர் பேரிங், வாட்டர் பம்ப் இரண்டும் கணக்கிலிருந்து போயின.

இனிதான் காது வேலை. பலரும் நீள ஸ்க்ரூடிரைவரை வைத்துக் காதில் கைப்பிடியை அழுத்திக் கேட்பதோடு நிறுத்திவிடுகிறார்கள். அது இரும்பு வழியாக வரும் சத்தத்தை மட்டும்தான் எடுத்துக் கொடுக்கும். காற்று வழியாக வருவதைப் பிடிக்க ஒரு மீட்டர் ரப்பர் ஹோஸ் வேண்டும், உள்விட்டம் 8 மி.மீ. போதும். ஒரு முனை காதில், மறுமுனை சந்தேகப்பட்ட இடத்துக்கு இரண்டு விரற்கடை தள்ளி. ஃபேனுக்கும் பெல்ட்டுக்கும் ஹோஸ் எட்டாதபடி பிடிக்க வேண்டும். இரண்டையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தால் எது காற்று, எது இரும்பு என்று ஐந்து நிமிடத்தில் பிரிந்துவிடும்.

பிரிந்தது. ஹோஸை மேனிஃபோல்டின் மூன்றாவது போர்ட் பக்கம் கொண்டுபோனதும் 'சிக்-சிக்' என்று காதில் அறைந்தது. ஒன்று, இரண்டு போர்ட்களில் அது இல்லை. ஸ்க்ரூடிரைவரை வால்வு கவர் மேல் நகர்த்தியபோது மூன்றாவது சிலிண்டருக்கு மேலே அமைதி. முதல் சிலிண்டருக்கு மேலே காய்ந்த, கூர்மையான 'டக்-டக்'. இரண்டு சத்தமும் ஒரே வேகத்தில் வருவதால் வெளியிலிருந்து கேட்பவருக்கு ஒன்றாகத்தான் கேட்கும். ஸ்லோ ஸ்பீடு 900 ஆர்பிஎம் என்றால் கேம் ஷாஃப்ட் அதில் பாதி, 450. ஒரு வால்வு விநாடிக்கு ஏழரை தடவை திறக்கும். அதே வால்வு வழியாக வரும் புகையும் விநாடிக்கு ஏழரை தடவைதான் துடிக்கும். கிராங்க் வேகத்தில் வருகிற சத்தமாக இருந்தால் விநாடிக்குப் பதினைந்து. காதால் எண்ண முடியாதவர்கள் டைமிங் லைட்டை ஏதாவது ஒரு பிளக் வயரில் மாட்டினால் போதும். அது கிராங்க் இரண்டு சுற்று சுற்ற ஒருமுறை மின்னும். சத்தம் மின்னலோடு ஒத்துப் போனால் கேம் வேகம். ஒரு மின்னலுக்கு இரண்டு அடி கேட்டால் கிராங்க் பக்கம், ஃப்ளைவீல் போல்ட், பிஸ்டன், பேரிங் என்று கீழே பார்க்க வேண்டும்.

உறுதிப்படுத்த ஒவ்வொரு இன்ஜெக்டர் கனெக்டரையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, சில விநாடி ஓடவிட்டு, திரும்ப மாட்டினோம். பழைய கார்புரேட்டர் வண்டியில் செய்வது போலப் பிளக் வயரைப் பிடுங்கக் கூடாது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதைச் சுட்டுவிடும், காயிலுக்கும் கெடுதல். மூன்றாவது இன்ஜெக்டரைக் கழற்றியதும் 'சிக்' காணாமல் போனது, ஏனென்றால் அந்தச் சிலிண்டர் எரியவில்லை, தள்ளுவதற்கு அழுத்தம் இல்லை. முதல் சிலிண்டரின் 'டக்' எதைக் கழற்றினாலும் மாறவில்லை. கனெக்டிங் ராட் பேரிங்காக இருந்தால் அந்தச் சிலிண்டரை நிறுத்தியதும் சத்தம் தெளிவாகக் குறையும், அதன் ஒலியும் கனமாக, மரத்தில் சுத்தியல் படுவது போல இருக்கும். இது அது இல்லை. இன்னொன்றும் கவனித்தோம்: மூன்றாவதைக் கழற்றினாலும் எஞ்சினின் நடுக்கம் பெரிதாகக் கூடவில்லை. அதாவது அந்தச் சிலிண்டர் ஏற்கெனவே சரியாக வேலை செய்யவில்லை.

அதனால் கம்ப்ரெஷன் (சிலிண்டருக்குள் காற்று அமுங்கும் அழுத்தம்) எடுத்தோம். எஞ்சின் சூடாக, மூன்று பிளக்கும் வெளியே, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்து, இக்னிஷனையும் ஃபியூயல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துவிட்டு, ஆறேழு அடி செல்ஃப். முதல் சிலிண்டர் 168 பிஎஸ்ஐ, இரண்டாவது 165, மூன்றாவது 128. மூன்றாவதில் ஒரு தேக்கரண்டி ஆயில் விட்டு மறுபடி எடுத்தால் 131. ரிங் தேய்ந்திருந்தால் ஆயில் விட்டதும் நன்றாக ஏறியிருக்கும். ஏறவில்லை என்றால் கசிவு வால்வில். பிஸ்டனை டாப்பில் நிறுத்தி, கியர் போட்டு, பிளக் ஓட்டை வழியாகக் கம்ப்ரெஸர் காற்று கொடுத்துக் காது வைத்துப் பார்த்தோம். சைலன்சர் குழாயில் சீறல். எக்ஸாஸ்ட் வால்வு.

வால்வு கவரை மறுநாள் காலை, எஞ்சின் முழுக்கக் குளிர்ந்த பிறகுதான் திறந்தோம். கிளியரன்ஸை, அதாவது ராக்கர் ஸ்க்ரூவுக்கும் வால்வுக்கும் நடுவிலுள்ள இடைவெளியை, குளிர்ந்த அளவில் வைப்பதா, சூடான அளவில் வைப்பதா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டுக்கும் எண் வேறு, நடுச்சூட்டில் வைத்தால் எதுவும் சரியாக இருக்காது. இந்த வேலைக்கு எடுத்துக்கொண்ட குளிர்நிலை அளவு இன்டேக் 0.15 மி.மீ., எக்ஸாஸ்ட் 0.20 மி.மீ. வேறு எஞ்சின் என்றால் அதன் மேனுவல் எண்ணைத்தான் பார்க்க வேண்டும்.

ஃபயரிங் ஆர்டர் 1-3-2. முதல் சிலிண்டரை கம்ப்ரெஷன் டாப்பில் (பிஸ்டன் உச்சியில், இரண்டு வால்வும் மூடிய நிலை) கொண்டுவந்து அதன் இரண்டு வால்வையும் அளந்து, கிராங்க் புல்லியை 240 டிகிரி சுற்றி மூன்றாவதை, இன்னொரு 240 சுற்றி இரண்டாவதை அளந்தோம். பிளக்குகளைக் கழற்றி வைத்தால் கையாலேயே சுற்றலாம். சுற்றும் திசை எஞ்சின் ஓடுகிற திசைதான். கொஞ்சம் தாண்டிப் போனால் திருப்பிச் சுற்றாமல் மறுபடி முழுதாக வர வேண்டும், இல்லையென்றால் டைமிங் பெல்ட் தொய்ந்து குறி தவறும். டாப்பா என்று சந்தேகம் வந்தால் அந்தச் சிலிண்டரின் இரண்டு ராக்கரையும் விரலால் ஆட்டிப் பாருங்கள். இரண்டும் லூஸாக இருந்தால் கம்ப்ரெஷன் டாப். ஒன்று இறுக்கமாக இருந்தால் பொதுவாக ஒரு சுற்று தள்ளி நிற்கிறீர்கள். இந்த வண்டியில்தான் அந்தச் சோதனையும் ஏமாற்றியது, ஏனென்றால் மூன்றாவது எக்ஸாஸ்டில் இடைவெளி அளக்கும் ஃபீலர் தகட்டில் 0.05 மி.மீ. தகடுகூட நுழையவில்லை. கேம் மூக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று கண்ணால் பார்த்துத்தான் உறுதி செய்தோம்.

மூன்றாவது போர்ட்டில் புகை கசிந்து டிக்-டிக் என்றிருக்கிறது. அதை டேப்பட் என்று நினைத்து மூன்றாவது எக்ஸாஸ்ட் ஸ்க்ரூவை இறுக்கியிருக்கிறார்கள். கசிவு போகவில்லை, மேலும் இறுக்கியிருக்கிறார்கள். எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டை இறக்கிவைப்பது பெரும்பாலும் சீட்டில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில்தான், சீட் வழியாக ஹெட்டுக்கு. இடைவெளி இல்லாமல் வைத்தால் சூட்டில் வால்வு நீண்டதும் சீட்டில் முழுக்க உட்காராது. சூடு இறங்க வழியில்லை. மேலே நெருப்பு அந்த மெல்லிய சந்து வழியாகப் பீறும். விளிம்பு கருகி, பின் பிளந்து, ஹெட்டைக் கழற்றும் வேலையாகிவிடும். லூஸான வால்வு சத்தம் போட்டுக் காட்டிக்கொடுக்கிறது. டைட்டான வால்வு ஒன்றும் சொல்லாமல் எரிகிறது. ஆகவே சத்தத்தை மட்டும் அளவுகோலாக வைத்து ஸ்க்ரூவைத் திருப்புவது மிகத் தவறான பழக்கம், இதைக் கைவிட்டே ஆக வேண்டும்.

மூன்றாவது எக்ஸாஸ்டை 0.20 வைத்தோம். 10-ஆம் நம்பர் ரிங் ஸ்பானரால் லாக் நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூவைத் திருகி, தகடு வெண்ணெயில் கத்தி போல இழுபட வேண்டும். தள்ளித் திணிக்கும்படி இருந்தால் இறுக்கம். லாக் நட்டை இறுக்கும்போது ஸ்க்ரூவும் கூடவே சேர்ந்து சுற்ற முயலும். ஸ்க்ரூவைப் பிடித்துக்கொண்டே நட்டை இறுக்கி, பிறகு தகட்டை மறுபடி விட்டுப் பார்க்காமல் அடுத்த வால்வுக்குப் போகக் கூடாது. 0.20 தகடு போக வேண்டும், 0.23 போகக் கூடாது.

முதல் சிலிண்டர் இன்டேக்கில்தான் வேடிக்கை. சத்தம் இங்கேதான், ஆனால் 0.15 தகடு மிகச் சரியாக இழுபட்டது. ஸ்க்ரூ நுனியை மேலே தூக்கிப் பார்த்தால் காரணம் தெரிந்தது. ஓடி ஓடி ஸ்க்ரூ நுனி, வால்வு தண்டின் உச்சியில் ஒரு சின்னக் குழியை அடித்து வைத்திருக்கிறது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தால் பளபளப்பான வட்டமாக, குங்குமப் பொட்டு அளவுக்குத் தெரிகிறது. ஃபீலர் தகடு அகலமானது. அந்தக் குழியின் மேல் பாலம் போல நின்றுவிடும். தகடு காட்டுவது 0.15, உண்மையான இடைவெளி அதோடு குழியின் ஆழமும் சேர்ந்தது. காந்த ஸ்டாண்டில் டயல் கேஜை மாட்டி, முனையை ராக்கரின் வால்வுப் பக்கத்தில், ஸ்க்ரூவுக்கு நேர் மேலே வைத்து ராக்கரை ஆட்டினால் ஊசி 0.27 போனது.

முறையான தீர்வு ஹெட்டை இறக்கி, தண்டின் உச்சியை வால்வு கிரைண்டரில் சமப்படுத்துவது, அல்லது வால்வை மாற்றுவது. இதற்கென்று மட்டும் ஹெட்டை இறக்க வேண்டாம் என்பது எங்கள் முடிவு. தேய்ந்த ஸ்க்ரூவை மாற்றி, கிளியரன்ஸைத் தகட்டால் வைக்காமல் டயல் கேஜ் பார்த்து 0.15-க்கு வைத்தோம். கையால் சுற்றும்போது ராக்கர் எங்கும் இறுகவில்லை. அடுத்த முறையும் இந்த ஒரு வால்வை டயலில்தான் பார்க்க வேண்டும் என்று கவரின் உள்பக்கம் பெயின்ட் மார்க்கரால் எழுதி வைத்தாயிற்று.

இனி மேனிஃபோல்ட். நேரம் முழுக்க இதில்தான் போனது.

கழற்றுவதற்கு முன்பே கசிவைக் கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. குளிர்ந்த எஞ்சின், சைலன்சர் வாயில் வேக்வம் கிளீனரின் ஊதும் பக்கத்தைத் துணி சுற்றிச் செருகி, இணைப்பில் சோப்புத் தண்ணீர் தெளித்தால் கசிகிற இடத்தில் நுரை கொப்பளிக்கும். மூன்றாவது போர்ட்டின் வெளி ஓரத்தில் நுரை எழுந்தது. அதே இடத்தில் ஹெட்டின் மேல் கரிக்கோடும் இருந்தது.

குளிரில் கூடுதலாகக் கேட்டுச் சூட்டில் குறைவதற்குக் காரணம் இரும்பு விரிவதுதான். வார்ப்பிரும்பு மேனிஃபோல்ட் சூடேறியதும் விரிந்து சந்தை ஓரளவு அடைக்கிறது. ஏற்றத்தில் புகையின் அழுத்தம் கூடும்போது அந்த அடைப்பு போதவில்லை, மறுபடி பீறுகிறது. பெட்ரோல் கூடக் குடித்ததற்கும் இதுவே காரணம். துடிப்புக்கும் துடிப்புக்கும் நடுவில் அதே சந்து வழியாக வெளிக்காற்று உள்ளே இழுபடுகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்துக் கலவை மெலிந்துவிட்டது என்று எஞ்சின் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குச் சொல்கிறது, அது பெட்ரோலைக் கூட்டுகிறது. இதைவிட முக்கியமானது, பெனட்டுக்குள் கசிகிற கார்பன் மோனாக்சைடு ஃபயர்வால் ஓட்டைகள், புளோயர் வழியாக உள்ளே வரக்கூடும். மழைக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருக்கும் வண்டியில் இதைச் சின்ன சத்தம் என்று விட்டு வைக்கவே கூடாது.

முந்தின நாள் சாயங்காலமும் காலையும், மேனிஃபோல்டை ஹெட்டோடு பிடிக்கும் ஸ்டட்களில் (தலையில்லாத போல்ட்) துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டோம். நட்டெல்லாம் 12-ஆம் நம்பர், ஆனால் உப்புக்காற்றில் அரித்து 12 ரிங் வழுக்குகிறது. வழுக்குகிற ஸ்பானரோடு மல்லுக்கட்டினால் முனை உருண்டுவிடும். 11 மி.மீ. ஆறுமுனை சாக்கெட்டைச் சுத்தியலால் தட்டி ஏற்றினால் கவ்விக்கொள்ளும். அவிழ்ப்பதற்கு முன் ஒரு நூலளவு இறுக்கி, துரு 'கிறீச்' என்று உடைந்த பிறகு அவிழ்க்க வேண்டும். இறுகினால் திரும்ப உள்ளே, மறுபடி வெளியே. ஒரு ஸ்டட் நட்டோடு சேர்ந்தே கழன்று வந்தது, அது நல்லதுதான். மூன்றாவது போர்ட்டின் ஓர ஸ்டட் உடைந்தது. ஏற்கெனவே பாதி விரிசல், துருவேறிய பழைய முறிவு. மேனிஃபோல்டை அந்தப் பக்கம் சரியாக இறுக்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாமல்தான் இவ்வளவு நாள் ஓடியிருக்கிறது.

ஹெட் அலுமினியம் என்பதால் உடைந்த ஸ்டட்டை நேராகத் துளையிடுவது கடைசி வழி. துளை பக்கவாட்டில் நழுவினால் மெத்தென்ற அலுமினியத்தைத்தான் தின்னும். 6 மி.மீ. அளவு வெளியே நீட்டிக்கொண்டிருந்ததால் அதன் மேல் ஒரு நட்டை வைத்து உள்ளே நிரப்பி வெல்டிங் செய்தோம். பேட்டரி இரண்டு டெர்மினலும், ஈசியூ கனெக்டரும் கழற்றிய பிறகு. எர்த் கிளாம்ப் ஹெட்டிலேயே, பக்கத்தில். வெல்டிங் சூடே துருவை உடைத்துவிடும். சிவப்பு போய்க் கைப்பிடிச் சூட்டுக்கு வந்ததும் ஸ்பானர் போட்டால் ஸ்டட் மெதுவாகத் திரும்பி வந்தது. எம்8 மரையில் 1.25 பிட்ச் டேப்பைக் கையாலேயே விட்டுத் துரு எடுத்தோம்.

மேனிஃபோல்டின் முகத்தில் நேர்விளிம்பை வைத்தால் மூன்றாவது போர்ட் பக்கம் 0.30 தகடு தாராளமாக நுழைந்தது. 0.10-க்கு மேல் வளைந்தால் புது பேக்கிங் (ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் கசிவை அடைக்கும் தகடு) போட்டும் பயனில்லை. சில வாரத்தில் மறுபடி ஊதும். மூன்று முகத்தையும் ஒரே செட்டிங்கில் சர்ஃபேஸ் கிரைண்டிங் போட வேண்டும். ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியாகத் தேய்த்தால் மூன்றும் மூன்று தளத்தில் நிற்கும். நாகர்கோவிலில் லேத் பட்டறையில் கொடுத்து 0.35 எடுத்ததும் சமமானது. ஹெட்டின் முகத்தில் 0.05 கூடப் போகவில்லை, அது நல்ல நிலையில்தான் இருந்தது. பழைய பேக்கிங்கை மட்டும் பித்தளைத் தகட்டால் சுரண்டினோம், இரும்பால் அல்ல.

புது ஸ்டட்கள், புது நட்டுகள், புது பேக்கிங். பேக்கிங்கில் சிலிகான் தடவக் கூடாது. அந்தச் சூட்டில் அது நிற்காது, அதன் ஆவி ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். மரையில் செப்பு கலந்த ஆன்ட்டி-சீஸ் பேஸ்ட் மெல்லிசாக. கடலோர வண்டிக்கு இது இல்லாமல் போட்டால் அடுத்த முறை கழற்றுபவர் பாவம். நடு நட்டிலிருந்து தொடங்கி இருபக்கமும் மாறிமாறி, முதல் சுற்று டார்க் ரெஞ்சில் 1 கிலோகிராம்-மீட்டர் முறுக்கு, இரண்டாவது சுற்று 2. பேஸ்ட் தடவிய மரை என்பதால் அதற்கு மேல் போகவில்லை. ஹீட் ஷீல்டு போல்ட்டுக்கு அகலமான வாஷர்.

காலை முதல் ஸ்டார்ட்டில் ஹோஸை வைத்துப் பார்த்தால் மூன்று போர்ட்டும் அமைதி. கம்ப்ரெஷன் உடனே எடுத்ததில் மூன்றாவது 150. இரண்டு நாள் ஓடிய பின் 158. விளிம்பில் ஒட்டியிருந்த கரி எரிந்து, வால்வு உட்கார்ந்துவிட்டது என்று பொருள். 168-ஐ எட்டவில்லை, அதாவது சீட்டில் கொஞ்சம் சேதம் ஆகியிருக்கிறது. 10,000 கி.மீ.யில் மறுபடி எடுத்து, 140-க்குக் கீழே போயிருந்தால் ஹெட்டை இறக்க வேண்டும் என்று உரிமையாளரிடம் சொல்லியாயிற்று. ஸ்லோவில் நடுக்கம் நின்றது. குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை வரை மூன்றாவது கியரில் ஏற்றிப் பார்த்ததில் சத்தம் வரவில்லை.

500 கி.மீ. ஓடிய பிறகு, எஞ்சின் குளிர்ந்த நிலையில், மேனிஃபோல்ட் நட்டுகளை மறுபடி 2 கிலோகிராம்-மீட்டரில் பார்த்தோம். இரண்டு நட்டு கால் சுற்று ஏறியது. புது பேக்கிங் அமுங்குவதால் இது வழக்கம்தான். பெனட்டைத் திறந்தால் இப்போது மெல்லிசாக, ஒரே சீராகக் கேட்கிற டிக்-டிக் இன்ஜெக்டருடையது. ஸ்க்ரூடிரைவரை மூன்று இன்ஜெக்டரிலும் வைத்துப் பார்த்ததில் மூன்றும் ஒரே மாதிரிதான் அடிக்கின்றன.